ஊர் உள்ள குரல்: மனோரமாவும் தமிழ் நகைச்சுவையின் பெண்முகமும்

1960களின் தமிழ்ப் படக் கதாநாயகி எந்த ஊர்க்காரி? பெரும்பாலான படங்களில் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. அவள் மாளிகையில் பிறந்திருப்பாள் அல்லது குடிசையில் பிறந்திருப்பாள். ஆனால் அவள் பேசுகிற தமிழைக் கேட்டு, ஆற்றுக்கு அந்தக் கரையா இந்தக் கரையா என்று யாராலும் சொல்ல முடியாது. வசனகர்த்தா எழுதிக் கொடுத்த செம்மையான, எந்த மண்ணிலும் கால் ஊன்றாத தமிழ் அது. அதே படத்தில் அவளுக்குத் தோழியாகவோ வேலைக்காரியாகவோ வருகிறவள் வாயைத் திறந்ததும் அரங்கில் சிரிப்பு எழும். அவளுக்கு ஊர் உண்டு. தூத்துக்குடியோ, சென்னையின் குடிசைப் பகுதியோ, கொங்கு நாட்டுக் கிராமமோ அவள் குரலோடு கூடவே வந்துவிடும்.

மனோரமா என்ற நடிகை சுமார் 60 ஆண்டுகள் நிலைத்து நின்றதற்கான காரணத்தை இந்த இடத்தில்தான் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். ஆயிரம் படங்கள், கின்னஸ் பதிவு, ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர் என்ற செய்திகள் அவரைப் பற்றிய எல்லாக் குறிப்புகளிலும் உண்டு. அவை அவருடைய அளவைச் சொல்கின்றன. அந்த அளவு எப்படிச் சாத்தியமானது என்பதைச் சொல்வதில்லை.

ஜோடி என்னும் ஏற்பாடு

தமிழ்த் திரையின் நகைச்சுவை நடிகை தொடக்கத்தில் தனிப்பெயராக அறிமுகமாகவில்லை. ஒரு ஜோடியின் பாதியாகத்தான் வந்தாள். காளி என். ரத்தினம் – சி.டி. ராஜகாந்தம், என்.எஸ். கிருஷ்ணன் – டி.ஏ. மதுரம், கே.ஏ. தங்கவேலு – எம். சரோஜா என்று இரட்டைப் பெயராகவே ரசிகர்கள் அவர்களை உச்சரித்தார்கள். இதன் வேர் மேடையில் இருக்கிறது. மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் நடக்கிற ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட்டுக்கு முன்பாக மேடைக்கு வருகிறவர்கள் பபூனும் டான்ஸ்காரியும்தான். அவர்களுடைய தர்க்கமும் கிண்டலும் ஆட்டமும் கூட்டத்தை உட்கார வைத்த பிறகே கதை தொடங்கும். சினிமா இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டது. நாயகன் – நாயகி ஜோடிக்குக் கீழே, அதன் கேலிப் பிரதிபலிப்பாக இன்னொரு ஜோடி. 1941இல் வந்த ‘சபாபதி’யில் எஜமான் சபாபதிக்கு ஒரு வேலைக்காரச் சபாபதி, அந்த வேலைக்காரனாக ரத்தினமும் அவனுக்கு இணையாக ராஜகாந்தமும் நடித்தார்கள். மேல்தளத்தில் காதல் என்றால் கீழ்த்தளத்தில் அதன் கேலி.

இந்த ஏற்பாட்டில் பெண் நடிகைக்கு இடம் இருந்தது. ஆனால் அந்த இடம் இணையைச் சார்ந்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி என்.எஸ். கிருஷ்ணன் சிறையில் இருந்த காலத்தில் நாடகக் குழுவை நடத்தியவர் மதுரம். அத்தனை ஆளுமை உள்ளவர். இருந்தும் 1957இல் கிருஷ்ணன் மறைந்த பிறகு திரையில் மதுரத்தின் பெயர் அரிதாகிப்போனது. ஜோடி முறிந்தால் பெண்ணின் பாதி தானாக நிற்காது என்பது அன்றைய நடைமுறை. இந்த விதியை முதன்முதலில் முழுமையாக மீறியவர் மனோரமா.

பள்ளத்தூர் பாப்பா

1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் கோபிசாந்தா. தகப்பனாரின் ஆதரவு இல்லாமல் போனதும் தாயார் ராமாமிர்தம் குழந்தையோடு காரைக்குடிக்கு அருகேயுள்ள பள்ளத்தூருக்குக் குடிபெயர்ந்தார். செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் வேலை செய்துதான் அவர் மகளை வளர்த்தார். தாயாரின் உடல்நிலை மோசமானபோது ஆறாம் வகுப்போடு சிறுமியின் படிப்பு நின்றது.

பள்ளிக்கூடம் கொடுக்காததை நாடகக் கொட்டகை கொடுத்தது. நல்ல குரல் வாய்த்திருந்த சிறுமி சுமார் 12 வயதில் மேடை ஏறினாள். பள்ளத்தூர் பாப்பா என்று சுற்றுவட்டாரத்தில் அழைத்தார்கள். மனோரமா என்ற பெயரைச் சூட்டியவர்கள் நாடக இயக்குநர் திருவேங்கடமும் ஆர்மோனியக் கலைஞர் தியாகராஜனும். பின்னர் எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தார். கலைஞர் மு. கருணாநிதி எழுதிய ‘மணிமகுடம்’ போன்ற நாடகங்களில் அவர் நடித்தது இக்காலத்தில்தான். அண்ணா, கலைஞர் இருவருடனும் மேடையில் நடித்ததும், திரையில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, தெலுங்கில் என்.டி. ராமாராவ் ஆகியோருடன் நடித்ததும் சேர்ந்துதான் பிற்காலத்தில் ‘ஐந்து முதலமைச்சர்கள்’ என்ற செய்தியாயிற்று.

திராவிட இயக்க நாடகம் நீண்ட வசனத்தின் நாடகம். பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து, மூச்சு வாங்கும் இடம் தெரியாமல், கடைசி வரிசைக்கும் கேட்கிறபடி பேச வேண்டும். பிற்காலத்தில் ஒரே ஷாட்டில் மூச்சுவிடாமல் பொரிந்து தள்ளுகிற மனோரமாவின் பாணிக்குப் பயிற்சிக்கூடம் இதுவே. செந்தமிழ் அடுக்குமொழியில் தேர்ந்த அந்த நாக்கைத்தான் பின்னால் ஊர்த்தமிழ்களுக்கு அவர் திருப்பிவிட்டார்.

சொந்த வாழ்க்கை எளிதாக இருக்கவில்லை. உடன் நடித்த எஸ்.எம். ராமநாதனை மணந்தார். மகன் பிறந்த சில காலத்திலேயே அந்த மணவாழ்வு முறிந்தது. அதன்பின் தாயும் மகனும் என்று இரண்டு பேரைத் தாங்கும் பொறுப்பு அவர் தோளில் விழுந்தது. வந்த வேடத்தை மறுக்க முடியாத நிலையும் மறுக்காத பழக்கமும் இங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ஆயிரம் எப்படி ஆயிற்று

முதலில் ஒப்பந்தமான படங்கள் சில வெளிவராமலே நின்றன. 1958இல் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’யில் கிடைத்த நகைச்சுவை வேடம்தான் திரைக்கு வந்த முதல் படம். 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கொஞ்சும் குமரி’யில் கதாநாயகியாகவும் நடித்தார். அந்தப் பாதையில் அவர் தொடரவில்லை. பின்னோக்கிப் பார்த்தால் இது இழப்பாகத் தெரியவில்லை. அந்தக் காலக் கதாநாயகிக்குத் திரை வாழ்வு பெரும்பாலும் பத்து, பதினைந்து ஆண்டுகள்தான். நகைச்சுவை நடிகையின் முகத்தில் விழும் சுருக்கத்தை யாரும் எண்ணுவதில்லை.

எண்ணிக்கைக்கு இன்னொரு காரணம் படத் தயாரிப்பு முறையில் இருக்கிறது. அன்று நகைச்சுவைப் பகுதி ‘தனி டிராக்’. மூலக்கதையோடு மெல்லிய நூலால் மட்டும் கட்டப்பட்டிருக்கும். பல படங்களில் அதை எழுதுகிறவரே வேறு ஆளாக இருப்பார். கதாநாயகி ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் கால்ஷீட் தர வேண்டும். நகைச்சுவை நடிகைக்குச் சில நாட்கள் போதும். கோடம்பாக்கம், வடபழனி ஸ்டூடியோக்கள் ஒன்றுக்கொன்று அருகில் இருந்தன. காலையில் ஒரு தளம், மதியம் இன்னொன்று, இரவில் மூன்றாவது என்று ஓடினால் ஆண்டுக்குப் பல படங்கள் சாத்தியம். அவருடைய மொத்தப் படங்கள் 1,000 என்றும் 1,500 என்றும் மாறி மாறிச் சொல்லப்படுவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். இரண்டு காட்சிக்கு வந்து போன படத்தையும் சேர்த்தால் ஒரு கணக்கு. சேர்க்காவிட்டால் வேறு கணக்கு.

இந்த ஓட்டத்தில் அவருக்கு வாய்த்த பெரிய இணை நாகேஷ். ‘அன்பே வா’ (1966), ‘அனுபவி ராஜா அனுபவி’ (1967) என்று அந்த ஜோடி 60களின் அடையாளமாயிற்று. நாகேஷின் நகைச்சுவை உடலில் இருந்தது. ஒல்லியான தேகம் வளைந்து, துள்ளி, சரிந்து விழும். எதிரே நிற்கிறவர் அதே அளவு ஆடினால் காட்சி கலைந்துவிடும். மனோரமா பெரும்பாலும் தரையில் காலூன்றி நின்றார். வேகத்தைக் குரலில் வைத்துக்கொண்டார். அவர் உடல், இவர் நாக்கு என்ற பங்கீடு அது. அதனால்தான் நாகேஷ் இல்லாத இடத்திலும் அவருடைய முறை செல்லுபடியாயிற்று. சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று அடுத்தடுத்து ஆண்கள் வந்தார்கள். ஜோடியில் மாறியது எப்போதும் ஆணின் பெயர்தான்.

காது கொடுத்த தொழில்

பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் தூத்துக்குடித் தமிழில் அமைந்த முத்துக்குளிப்புப் பாட்டு ஒன்று பெரும் புகழ் பெற்றது. பாடிய குரல்கள் டி.எம். சௌந்தரராஜனும் எல்.ஆர். ஈஸ்வரியும். திரையில் அந்தக் கடற்கரை இழுவையை முகத்திலும் கழுத்தசைவிலும் தூக்கி நிறுத்தியவர்கள் நாகேஷும் மனோரமாவும். அடுத்த ஆண்டு வந்த ‘பொம்மலாட்டம்’ படத்தில் சென்னைத் தமிழில் ஒரு பாட்டை மனோரமாவே சொந்தக் குரலில் பாடினார். தஞ்சை மாவட்டத்தில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்த பெண் சென்னையின் தெருப்பேச்சில் பாடுவதை அந்த நகரத்துக்காரர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

வட்டார வழக்கை நடிப்பது சொற்களை மாற்றிப் போடுவதோடு முடிவதில்லை. எந்த அசையை நீட்ட வேண்டும், வாக்கியத்தின் வால் மேலே போகுமா கீழே இறங்குமா, கோபத்தில் எந்த மெய்யெழுத்து கெட்டிப்படும் என்பதெல்லாம் காதால் மட்டுமே பிடிபடுகிற விஷயங்கள். ஊர் ஊராக முகாமிட்டு நாடகம் போட்ட பெண்ணுக்கு அந்தக் காது வாய்த்ததில் வியப்பில்லை. ஒவ்வோர் ஊர்ச் சந்தையும் ஒரு பாடம்.

இந்தக் கலை உச்சம் தொட்ட இடம் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968). கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி. நாகராஜன் படமாக்கினார். சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் என்று நடிப்பில் ஒருவரை ஒருவர் விஞ்சுகிறவர்கள் நிறைந்த படம். இதில் நாகேஷ் மனோரமாவின் ஜோடி அல்ல. பெரிய மனிதர்களுக்குப் பெண் தேடித் திரியும் வைத்தி. ஜில் ஜில் ரமாமணியாக வரும் மனோரமாவுக்கு இணை யாருமே கிடையாது. நாடகக் கொட்டகையில் ஆடிப் பிழைக்கும் பெண் அவள். நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டு, இந்த நாதம் எல்லா நாயனத்திலும் வருமா, உங்களுடையதில் மட்டும்தான் வருமா என்று வெள்ளையாகக் கேட்கிறாள். சங்கீதம் தெரியாதவளின் கேள்வி என்று முதலில் சிரிக்கிறோம். வாத்தியமா வாசிப்பவனா என்பது வித்வான்களும் எளிதில் விடை சொல்லாத கேள்வி என்பது சற்றுக் கழித்துத்தான் உறைக்கிறது.

அந்தப் படத்தின் மையமே ஆடுகிற பெண்ணின் மரியாதை பற்றியது. கதாநாயகி மோகனாவின் பரதத்துக்கு அரங்கம் உண்டு. அவமானம் வந்தால் எதிர்த்து நிற்கச் சொற்கள் உண்டு. ரமாமணிக்கு இரண்டும் இல்லை. கூத்தாடி என்ற ஏளனத்தை வாழ்க்கையாக ஏற்றுக்கொண்டு, அதற்குள் பாசத்தையும் நேர்மையையும் கெடாமல் வைத்திருக்கிறாள். பத்து ஆண்டுகளுக்கு முன்புவரை கொட்டகை மேடையில் நின்ற மனோரமா அந்த வேடத்துக்காக வெகுதூரம் போக வேண்டியிருந்திருக்காது.

யாரைப் பார்த்துச் சிரித்தோம்?

இந்தப் புகழ்ச்சிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. ஊர்த்தமிழ் ஏன் நகைச்சுவையாயிற்று? பேசுகிறவள் ஏழை, படிக்காதவள், வேலைக்காரி என்பதால்தானே? கதாநாயகியின் தமிழ் இயல்பு என்றும் சமையற்கட்டில் நிற்பவளின் தமிழ் கோணல் என்றும் ஓர் அளவுகோலை நிறுவியதில் இந்தப் படங்களுக்குப் பங்குண்டு. பருமனான உடலையும் எடுப்பான பல்லையும் கேலிக்குரியதாக்கிய காட்சிகளும் அவர் நடித்தவற்றில் ஏராளம். சிரித்துவிட்டு மறந்துபோன படங்களின் எண்ணிக்கைதான் அந்த ஆயிரத்தில் அதிகம்.

ஆயினும் நல்ல காட்சி கிடைத்தபோது அவர் சிரிப்பின் திசையை மாற்றினார். விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) நடுத்தரக் குடும்பத்தின் உடைவைச் சொல்லும் படம். படித்தவர்கள் தர்க்கம் பேசிப் பேசிச் சிக்கலை முடிச்சுப் போடுகிறார்கள். வேலைக்காரி கண்ணம்மா மருமகனின் தந்தை ஆல்பர்ட் பெர்னாண்டஸுக்கு எதிரே சென்னைத் தமிழில் ஒரு நாடகமே நடத்தி அந்த முடிச்சில் ஒன்றை அவிழ்க்கிறாள். அரங்கம் சிரித்தது அந்தத் தமிழைக் கேட்டுத்தான். ஆனால் காட்சி முடியும்போது திணறி நின்றது கிஷ்மு நடித்த அந்த மனிதர். எளியவளின் பேச்சு கேலிப்பொருளாக இருந்த நிலையிலிருந்து ஆயுதமாக மாறிய இடம் அது. சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது.

தாயின் அதிகாரம்

1977இல் பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ வந்தபின் கதாநாயகிக்கும் ஊர் கிடைத்தது. கிராமத்துப் பேச்சு துணைப் பாத்திரங்களின் தனிச்சொத்தாக இருந்த காலம் முடிந்தது. அதே காலத்தில் தனி டிராக்கின் வடிவமும் மாறிக்கொண்டிருந்தது. 80களின் இறுதியில் கவுண்டமணி – செந்தில் என்று இரண்டு ஆண்களே ஜோடியானபோது நகைச்சுவையில் பெண்ணின் நிரந்தர இடம் சுருங்கியது. வேறொருவராக இருந்தால் இதோடு ஓய்வு பெற்றிருப்பார்.

மனோரமா அதே குரலைத் தாய்க்குக் கொடுத்தார். ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் மெக்கானிக் ராஜாவை வளர்த்த முனியம்மா, ‘அண்ணாமலை’யில் (1992) ரஜினியின் தாய், ‘சின்னக் கவுண்டர்’ படத்தில் பல் துருத்திய, கொங்குத் தமிழ் பேசும் அம்மா என்று வரிசை நீள்கிறது. பல் கட்டு என்பது நகைச்சுவை நடிகையின் பழைய உபாயம். அதை மாட்டிக்கொண்டு வந்து அழவும் வைக்க முடியும் என்று காட்டியது அந்தப் படம். ‘சின்னத்தம்பி’யில் (1991) மகனுக்காக வதைபடும் விதவைத் தாயாக வந்தபோது அரங்கம் சிரிப்பை மறந்திருந்தது. பார்த்திபனின் ‘புதிய பாதை’ (1989) அவருக்குச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’யில் (1988) தலைப்பே அவருடைய பாத்திரத்தைச் சுற்றி அமைந்தது. 50 வயதைக் கடந்த நடிகைக்குத் தமிழ்ப்படம் அப்படி ஒரு மரியாதை செய்வது அபூர்வம்.

இந்தப் படங்களில் இன்னொன்றையும் கவனிக்கலாம். அக்காலக் கதாநாயகிகள் பலர் வெளிமாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இரவல் குரல். நாயகி மறுபடியும் ஊரற்றவளாகிவிட்டாள். அவளருகில் நின்ற கிழவியின் குரல் மட்டும் அவளுடையதாகவே இருந்தது. படத்தின் மண்வாசனையைத் தாங்கும் சுமை மீண்டும் மனோரமாவிடம் வந்து சேர்ந்தது.

இந்தச் செல்வாக்குக்கு எல்லையும் இருந்தது. 1996 தேர்தலில் ஜெயலலிதாவுக்காகப் பிரசாரம் செய்தவர், எதிர் அணியை ஆதரித்த ரஜினிகாந்தை மேடையில் கடுமையாகச் சாடினார். தேர்தல் முடிவு எதிராக வந்தது. பட வாய்ப்புகளும் வறண்டன. மறு ஆண்டு ‘அருணாச்சலம்’ படத்துக்கு அழைத்தவர் ரஜினியேதான். அவருடைய பெருந்தன்மையை மனோரமா பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். நன்றி ஒருபுறம் இருக்கட்டும். ஆயிரம் படம் நடித்த பெண்ணின் அடுப்பு எரிவதும் அணைவதும் ஒரு நாயகனின் மனநிலையைப் பொறுத்தது என்பதையும் இந்நிகழ்ச்சி சொல்கிறது. ஜோடியிலிருந்து விடுபட்டவரால் நாயகனைச் சுற்றும் சந்தையிலிருந்து விடுபட முடியவில்லை.

பின்னே வந்தவர்கள்

அவர் வெட்டிய பாதையில் நடந்தவர்களில் முதன்மையானவர் கோவை சரளா. பெயரிலேயே ஊர். ‘சதி லீலாவதி’யில் (1995) கமல்ஹாசனுக்கு இணையாகக் கொங்குத் தமிழ் பேசி நடித்ததும், ‘செம்பி’யில் (2022) மலைவாழ் மூதாட்டியாக ஒரு முழுப் படத்தைத் தோளில் சுமந்ததும் மனோரமாவின் நாக்கும் மனோரமாவின் கண்ணீரும் தனித்தனியே அடைந்த அடுத்த கட்டங்கள். ஆனாலும் இன்றைய நட்சத்திர நகைச்சுவை நடிகர்களின் பட்டியலை எடுத்தால் ஆண்கள் பெயரே நிறைந்திருக்கிறது. மேடையிலிருந்து பத்தாண்டுப் பயிற்சியோடு திரைக்குப் பெண்களை அனுப்பிய நாடகக் குழுக்கள் இப்போது இல்லை. மனோரமாவை உருவாக்கிய பள்ளி மூடப்பட்டுவிட்டது.

2002இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் தமது 78ஆம் வயதில் அவர் காலமானார். மறுநாள் செய்திகளில் ‘ஆச்சி மறைந்தார்’ என்றுதான் தமிழ்நாடு பேசிக்கொண்டது.

அந்தப் பெயரில்தான் அவர் கதை முழுவதும் இருக்கிறது. செட்டிநாட்டில் ஆச்சி என்பது வீட்டுத் தலைவிக்குரிய அழைப்பு. பள்ளத்தூரில் அவருடைய தாயார் வேலைக்குப் போன வீடுகளின் முற்றத்தில் நின்றவர்கள் ஆச்சிகள். புழக்கடை வழியாக உள்ளே போனவர்கள் ராமாமிர்தமும் அவர் மகளும். அந்த வீடுகளில் காதில் விழுந்த பேச்சைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு வானொலி நாடகத்தில் மனோரமா பேசிக் காட்டினார். அதைக் கேட்டு ஸ்டூடியோவில் இருந்தவர்கள் விளையாட்டாக ஆச்சி என்று அழைக்கத் தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். பெற்றவர்கள் வைத்த கோபிசாந்தாவை யாரும் அறியவில்லை. நாடகக்காரர்கள் வைத்த மனோரமா சுவரொட்டியில் இருந்தது. கடைசிவரை வழங்கிய பெயர், வேலைக்காரியின் மகள் எஜமானிகளின் தமிழைக் கவனித்துக் கேட்டதற்குக் கிடைத்த கூலி.